நாச்சிமுத்துவுக்கு நகர்ந்து கொடுத்த சுவர்

வடவள்ளி ரோட்டில் இருக்கிற செல்வலட்சுமி அபார்ட்மெண்ட்டின் நாலாவது மாடியில், மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றிக் கொடுத்த பவுண்டரியை விற்றுவிட்டு வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து என்ற மனிதர், ஒரே மகளை ஈரோட்டில் கட்டிக் கொடுத்து அனுப்பிய கையோடு அவள் அறையைக் காலி செய்தார். கட்டிலைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்தார், அலமாரியைப் பிடுங்கினார், அவள் சின்ன வயதில் சுவரில் ஒட்டியிருந்த நட்சத்திரங்களைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார், எடுத்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் கதவு மாதிரித் தட்டையாக நிற்கும் இரண்டு பேனல் ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். பத்தடிக்குப் பதினோரடி இருந்த அந்த அறைக்கு அன்றிலிருந்து கேட்கும் அறை என்று பெயர். சமையலறையிலிருந்து அவர் மனைவி தெய்வானை கூப்பிடுவது மட்டும் அந்த அறையில் கேட்காது.

மகளுக்குப் பைரவி என்று பெயர் வைத்தவர்தான். ஆனால் அந்த ராகத்தை யாராவது எதிரில் உட்கார்ந்து பாடினால் அது என்ன ராகம் என்று அவருக்குத் தெரியாது. பாடகர் எந்தப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார், தம்புராக்காரி எத்தனை அடி பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், சபாவில் எந்த வரிசைக்காரன் இருமினான், இதெல்லாம் தெரியும். பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்கிற இந்த ஜாதியில் அவருக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. ஆடிட்டர் சம்பத்குமார். ஊரில் உள்ளவர்களின் வரவு செலவைவிட அவர்களின் ஸ்பீக்கர் ஒயரின் தடிமனைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர். தினமும் பத்து மணிக்கு வந்து தெய்வானை கொடுக்கும் காப்பியை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே போய்விடுவார்.

இந்தப் பேனல் இருக்கிறதே, பார்க்கத்தான் நோஞ்சான், தீனி எல்லாம் யானைத் தீனி. சாதாரண ஆம்ப்ளிஃபயரை அதோடு பூட்டினால் அது கொதித்து, மூச்சு வாங்கி, தானாக அணைந்து போகும். அதனால் நாச்சிமுத்து இரண்டு ஆள் சேர்ந்தும் தூக்க முடியாத ஓர் ஆம்ப்ளிஃபயரை வரவழைத்தார். அதற்குத் தீனி போடக் கீழே மீட்டர் அறையிலிருந்து நாலாவது மாடி வரைக்கும் பவுண்டரி உலைக்கு இழுக்கிற மாதிரி தடியான கேபிள் இழுத்து, ஹாலில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த ஒரு பெரிய மெயின் சுவிட்சையும் மாட்டினார். கேட்காத நேரத்திலும் பேனலுக்குள் கரண்ட் இருந்துகொண்டே இருந்தால்தான் அது பதமாக இருக்குமாம், அதனால் மாட்டிய நாளிலிருந்து அந்தக் கைப்பிடியை யாரும் கீழே இறக்கவில்லை. அவர் பாட்டு வைத்தால் லிஃப்ட் நின்றுவிடும். ஏதோ பெரிய சண்டை நடந்திருக்கும் என்று நினைப்பீர்கள். தண்ணீர் லாரி கொஞ்சம் பிந்தினால் டிரைவரின் சட்டையைப் பிடிக்கிற எங்கள் அபார்ட்மெண்ட்காரர்கள், வாசலில் பிள்ளையார் வைத்துக் கொடுத்த பணக்காரர் லிஃப்டை நிறுத்தியதும், படி ஏறுவது முட்டிக்கு நல்லது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, முற்பகல் முழுவதையும் சங்கீத நேரம் என்று அறிவித்து, காய்கறிப் பையோடு மூச்சிரைக்க ஏறினார்கள். நானும் அங்கேதான் குடியிருக்கிறேன், முதல் மாடியில், எனக்கு லிஃப்ட் தேவைப்படாது.

இவ்வளவு செய்தும் சத்தம் சரியாக வரவில்லை. ஆடிட்டர் நாற்காலிக்குப் பின்னால் நின்று கண்ணை மூடி, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, விஷயத்தை விளக்கினார்.

"பொட்டி ஸ்பீக்கருன்னா முன்னால மட்டும் பாடும் நாச்சிமுத்து. இது முன்னாலயும் பாடும், பின்னாலயும் பாடும். பின்னால போன சத்தம் செவுத்துல முட்டித் திரும்பி வந்து, முன்னால போன சத்தத்து மேல ஏறி உக்காந்துக்குது. அதான் கொழகொழன்னு இருக்குது. பேனலச் செவுத்துல இருந்து நல்லா முன்னுக்கு இழுங்க."

"இழுத்தா என்ற மூக்குல வந்து இடிக்குது. எனக்குப் பின்னால கதவு. நான் எங்க போயி உக்கார்றது?"

"அப்பச் செவுருதான் போகோணும்" என்று ஆடிட்டர் கேலியாகச் சொன்னார்.

நாச்சிமுத்துவுக்குக் கேலி புரிந்த சரித்திரம் கிடையாது. அவர் எழுந்து போய் அந்தச் சுவரின் முன்னால் நின்று, பவுண்டரியில் வாழ்நாள் முழுக்க ஆட்களை விரட்டிப் பழகிய அதே குரலில், "ஏய், அக்கட்ட நகரு" என்றார். சுவர் நகர்ந்தது. பஸ் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவன், வந்தவருக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொள்கிற மாதிரி ஒரு முழம் பின்னால் போய் நின்றுகொண்டது, பூச்சு விரிசல் விடவில்லை, ஒரு பொட்டு சுண்ணாம்புகூட உதிரவில்லை. ஆடிட்டர் மிச்சமிருந்த காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார்.

"இப்பப் போடுங்க, பாக்கலாம்" என்றார்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் ரங்கநாயகி அம்மாளின் சமையலறை. நாலு பிள்ளை பெற்று நாலையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற, நல்ல கனமான அந்த அம்மாளின் சமையலறையில் ஒரு கடுகு டப்பாகூட இடம் மாறவில்லை. விஷயம் தெரிந்து அபார்ட்மெண்ட் சங்கத்துச் செயலாளர் வரதராஜன், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், இரும்பு டேப்போடு வந்து இரண்டு பக்கமும் அளந்தார். அம்மாளின் சமையலறை அளவு அப்படியே இருந்தது, நாச்சிமுத்துவின் அறை மட்டும் நீண்டிருந்தது. வெளியே போய் ரோட்டில் நின்று கட்டடத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்: "உள்ளுக்குள்ள நடக்கறது ஓனரோட இஷ்டமுங்க. வெளிய எலிவேஷன் மாறாத வரைக்கும் சங்கம் தலையிடாது."

அதற்குப் பிறகு தினமும் இதுதான் கதை. நாச்சிமுத்து பேனலை முன்னுக்கு இழுப்பார், சுவரைப் பார்த்து நகரு என்பார், சுவர் நகரும். சுவர் நகர்ந்ததும் பேனலை அதன் பின்னாலேயே கொண்டுபோவார், பேனலைக் கொண்டுபோனதும் ஆம்ப்ளிஃபயரை நகர்த்துவார், நாற்காலியையும் அங்கேயே போட்டுக்கொள்வார், ஏனென்றால் கதவுப் பக்கம் இருந்தால் குக்கர் விசில் கேட்கிறது, மிக்சி கேட்கிறது, மனைவி இருமுவது கேட்கிறது. இப்படிக் குடும்பத்தின் சத்தத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், கல்யாண மண்டபம் அளவுக்கு ஆகி, அதையும் தாண்டி, கதவைத் திறந்து பார்த்தால் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாத தூரத்துக்கு அந்த அறை வளர்ந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு ஆச்சரியப்பட நேரம் இல்லை. சர்க்கரைக்காரர்கள் காலையில் வெயில் படாமல் அங்கே நடக்க அனுமதி வாங்கினார்கள், செருப்புப் போடக் கூடாது, காலுறை மட்டும் போட்டுக்கொள்ளலாம், இடது ஓரமாகத்தான் போக வேண்டும் என்று சட்டமும் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண்மணி அங்கே அப்பளம் காயப்போடலாமா என்று கேட்டாள், வெயில் இல்லாததால் விட்டுவிட்டாள்.

அறை பெரிதானதும் அடுத்த கேடு வந்தது. வெறுமையாகக் கிடந்த அந்த நீளத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அது சாவகாசமாகப் போய் முட்டித் திரும்பி வந்தது. கம்பளம் விரித்தார்கள், திரை தொங்கவிட்டார்கள், போதவில்லை. ஆடிட்டர் நாலு நாள் யோசித்து, மனுஷ உடம்பு மாதிரிச் சத்தத்தை உறிஞ்சுகிற பொருள் உலகத்தில் வேறு இல்லை என்று கண்டுபிடித்தார். அவ்வளவுதான், அபார்ட்மெண்ட்டே வரிசையில் நின்றது. தாழ்ந்த சத்தம் மூலையில்தான் தேங்குமாம், அதனால் இடது மூலைக்கு ரங்கநாயகி அம்மாள், வலது மூலைக்கு அவருக்குச் சமமான கனத்தில் ஒரு பேங்க் மேனேஜர். நாற்காலியில் நாச்சிமுத்து உட்கார, ஆடிட்டர் ஒரு கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போவார், கண்ணாடியில் பேனல் தெரிகிற இடத்தில் ஓர் ஆளை நிறுத்துவார். சங்கீத நேரம் முழுவதும் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் நிற்க வேண்டும். நல்ல சத்தம் அந்த ஒரே நாற்காலியில்தான் விழும், நிற்கிறவர்களுக்குக் காலடியில் எறும்பு ஊர்வதுதான் தெரியும். ஆனாலும் வெளியே வந்ததும் வேட்டியை உதறிக்கொண்டு, "இன்னைக்கு நெம்ப அருமையா இருந்துச்சுங்க" என்பார்கள். மூலை கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களிடம் பேசாமல் இருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நான் ஒல்லி.

இந்த லட்சணத்தில்தான் பைரவிக்கு வளைகாப்பு முடிந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எந்தக் காலத்திலும் மாறாத வழக்கம். வளையல் அடுக்கிய கையோடு மகளைத் தெய்வானை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது சம்பந்தியம்மாள் வாசலில் நின்று, "அங்க உனக்குன்னு ஒரு ரூமாச்சும் இருக்குதா கண்ணு? இல்லாட்டி இங்கயே இருந்துக்க, ஒண்ணும் தப்பில்ல" என்று பாசமாகக் கேட்டாள். அந்தப் பாசம் தெய்வானையின் நெஞ்சில் சூடு வைத்த மாதிரி இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் அந்த நீண்ட அறையில் நடந்து, நடந்து, புருஷனின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங்க, பைரவிக்கு ஒரு கட்டில் போடோணுங்க. கதவோரம் அந்த மூலையில போட்டாப் போதும். ஒரு ஊரே நடக்குதுங்க இங்க."

"கட்டில் போட்டா மெத்த போடுவ. மெத்த அந்தப் பக்கத்துச் சத்தத்த மட்டும் குடிச்சுரும். ஒரு பக்கம் நொண்டியாட்ட ஆயிரும்."

"அப்ப எதுத்தாப்புலயும் ஒரு கட்டில் போட்டர்லாமுங்க."

நாச்சிமுத்து ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "வெறுங்கட்டிலும் ஆள் படுத்த கட்டிலும் எப்புடிங்க ஒண்ணாகும்? அதுவும் புள்ளத்தாச்சி. எதுத்தாப்புலயும் அதே மாசத்துல ஒரு புள்ளத்தாச்சியப் படுக்க வெச்சாத்தான் ரெண்டு பக்கமும் சமமா நிக்கும்."

"ரெண்டாவது மாடியில வாடகைக்கு வந்த புள்ள முழுகாம இருக்குதல்லொ? அதப் போயிக் கேட்டுட்டு வா" என்றார் நாச்சிமுத்து மனைவியிடம்.

இதைச் சொன்ன வாயில் மண் விழவில்லை. தெய்வானை இரண்டாவது மாடிக்கு இறங்கிப்போய், மணியை அழுத்தாமல் அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள், அப்படி ஒரு கேள்வியைக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. செயலாளர் வரதராஜனுக்கு எழுந்தது. சங்கத்தின் சார்பில் அவரே போய்க் கேட்டார். அந்தப் பெண்ணின் புருஷன் செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எங்கூட்டுல அஞ்சு மாசந்தானுங்க ஆகுது, எடை பத்தாதுங்களே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான்.

ஆக, ஒரு ஊர் நடக்கிற அறை உள்ளே கிடக்க, பைரவி ஹாலில், டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் போட்ட திவானில் படுத்தாள். காலையில் நடக்கிறவர்கள் உறைக் காலோடு அவளைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள், முற்பகலில் நிற்கிறவர்கள் போனார்கள், போகிற போக்கில், "வயிறு எறங்கிருச்சு" என்றும், "கால் நெம்ப வீங்கியிருக்குதே" என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம் அப்பா சாப்பிட வந்தபோது எழுந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, கதவச் சாத்திட்டு, துணியத் தளத்தி விட்டுட்டு, நல்லா மூச்சு விட்டு ஒரு நாளாச்சும் படுக்கோணும்ப்பா. அது என்ற ரூமுதானப்பா?"

அவர் ரசத்தைச் சோற்றில் பிசைந்தார். "சித்தெப் பொறுத்துக்க அம்மிணி. எடது பக்கம் இப்பத்தான் செட்டாயிருக்குது."

அவள் அப்புறம் கேட்கவில்லை. அந்தத் தட்டில் இரண்டாம் சோறு போட எனக்குக் கை வந்திருக்காது. தெய்வானை போட்டாள்.

சங்கீத நேரத்தில்தான் வலி எடுத்தது. பனிக்குடம் உடைந்து திவான் நனைந்தது. தெய்வானை மகளைத் தாங்கிப் பிடித்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து லிஃப்ட் பட்டனை அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள், லிஃப்ட் எங்கோ கீழே செத்துக் கிடந்தது. நாலு மாடி இறங்கும் நிலையில் பைரவி இல்லை. அவளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்ப ஓடிவந்த தெய்வானை கேட்கும் அறையின் கதவைத் திறந்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருநாளும் எழுப்பாத குரலை எழுப்பினாள்.

"ஏனுங்க! புள்ளைக்கு வலி வந்துருச்சுங்க! அத நிறுத்துங்க, லிஃப்ட் வரோணும்!"

குரல் அந்த நீளம் முழுக்கப் போனது. தூரத்தில் நாற்காலியிலிருந்து ஒரு கை மேலே எழுந்து, பேசாதே என்று அசைந்து, இறங்கியது. தலை திரும்பவில்லை.

சுவரோரம் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் இடது மூலையிலிருந்து ரங்கநாயகி அம்மாள் புறப்பட்டார். நாலு பெற்றவர், அந்தக் குரல் எப்படிப்பட்ட குரல் என்று அவருக்குத் தெரியும். அவர் நகர்ந்ததும் பெண்கள் எல்லாம் நகர்ந்தார்கள், பெண்கள் போனதும் ஆண்களுக்கு வெட்கம் வந்தது, கடைசியில் ஆடிட்டரும் கிளம்பினார், பிரசவத்துக்கு உதவ அல்ல, ஆள் இல்லாத அறையில் சத்தம் சகிக்காது என்பதால்.

"போகாதீங்க! எதிரொலிக்குது, எதிரொலிக்குது!" என்று நாச்சிமுத்து எழுந்து நின்று கத்தினார். யாரும் திரும்பாததைக் கண்டதும் பேனல்களையும் ஆம்ப்ளிஃபயரையும் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு, "இன்னும் அக்கட்ட நகரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவர் போனது. அவரும் பின்னாலேயே போனார். கதவில் நின்ற தெய்வானைக்குப் புருஷன் ஒரு புள்ளியாகி, அதற்கும் சின்னதாகிப் போவது தெரிந்தது.

அவள் திரும்பி வந்து, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். வெளியே லிஃப்டில் விளக்கு எரிந்தது.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு வீட்டைப் பூட்டத் தங்கிய செயலாளர் வரதராஜன், கேட்கும் அறையை எட்டிப் பார்த்தபோது சுவர் பழைய இடத்துக்கே வந்து நின்றிருந்தது, பத்தடிக்குப் பதினோரடி, உள்ளே ஒரு சாமானும் இல்லை, ஒரு மனிதரும் இல்லை. அவர் டேப்பை எடுத்து ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, அளவு சரியாக இருந்ததால் கதவைச் சாத்தினார்.

தாயும் பிள்ளையும் வீடு வந்தார்கள். காலியாக இருந்த அறையில் கட்டில் போட்டாகிவிட்டது, கொக்கியில் சேலைத் தொட்டில் தொங்கியது. முதல் நாளே சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது, நாச்சிமுத்துவின் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. மறுபக்கம் ரங்கநாயகி அம்மாளின் சமையலறையில் போய்ப் பார்த்தார்கள், அங்கே கடுகு தாளிக்கும் சத்தம்தான். ஆடிட்டர் சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"நெம்பத் தெளிவா இருக்குதுங்க" என்று முதலில் அதைத்தான் சொன்னார். பிறகு, "சுவிட்சப் போட்டீங்கன்னாச் செவுரு திரும்பப் போயிரும், அவுரு வந்துருவாரு" என்றார்.

தெய்வானை உடனே ஹாலுக்குப் போய்க் கைப்பிடியில் கையை வைத்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குரல், "தெய்வானை, கரண்ட் வந்துருச்சா?" என்றது. அவள் கையை எடுத்தாள்.

"என்ன கொழந்தைன்னு கேக்கட்டுமுங்க" என்றாள் ஆடிட்டரிடம். "பையனா புள்ளையான்னு ஒரு வார்த்த கேக்கட்டும். கேட்ட நிமிசம் போட்டர்றேன்."

நியாயமான பேச்சு. பெயர் சூட்டுக்கு அபார்ட்மெண்ட்டே வந்து சாப்பிட்டது. ஆடிட்டருக்கு மனசு கேட்காமல் சுவரில் வாயை வைத்து, "நாச்சிமுத்து, ஊட்டுல ஒரு விசேஷம், என்னன்னு கேளுங்க" என்று எடுத்தும் கொடுத்தார். "ஃபியூஸ் போயிருக்குமா சம்பத்து?" என்று பதில் வந்தது. பைரவிதான் ரொம்பப் பாவம் பார்த்தாள். ஒரு சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, "அப்பா, இதக் கேளுங்க" என்றாள். குழந்தை வீறிட்டு அழுதது. தெய்வானைகூட ஹாலில் எழுந்து நின்றுவிட்டாள்.

"எடது பக்கம் என்னமோ கீச்சுன்னு கேக்குது" என்றது குரல். "ஒயர் லூசாயிருக்கும், பாக்கச் சொல்லு."

பைரவி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கட்டிலுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு அவள் அந்தச் சுவர்ப் பக்கம் போகவில்லை. இப்போது அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் படுக்கிறார்கள். பசிக்கிறது என்றுகூடக் கேட்காமல் அந்தக் குரல் தினமும் அந்த ஒன்றை மட்டும்தான் கேட்கிறது.

"தெய்வானை, கரண்ட் வந்துருச்சா?"

"இன்னும் வரலீங்க" என்று பதில் சொல்லிவிட்டு, தெய்வானை பேத்திக்கு வேர்க்கிறதா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைக்கிறாள்.